கொலஸ்ட்ரால் இல்லாத உப்பு

உப்பில் கொலஸ்ட்ரால் இல்லை என்பதை என் வீட்டுக்காரர் 2005-இல் கண்டுபிடித்தார். கண்டுபிடித்த கையோடு அதைக் கவரில் அச்சடித்தும் விட்டார்.

மரக்காணத்தில் உப்பளம் குத்தகைக்கு எடுத்து, உப்பை அரைத்துப் பாக்கெட் போட்டுக் கூனிமேடு வரைக்கும் கடைகளுக்குக் கொடுப்பது அவர் தொழில். ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு கெமிஸ்ட்ரி நடத்துவது என் தொழில். அந்த ஜனவரியில் அவருக்குக் கொலஸ்ட்ரால் எக்கச்சக்கம் என்று டாக்டர் மாத்திரை எழுதினார். திரும்பும் வழியில் கடலை எண்ணெய் வாங்கக் கடையில் நின்றோம். பாக்கெட்டில் சிவப்பு இதயம் போட்டு 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று இருந்தது. மனிதருக்குப் பொறி தட்டிவிட்டது.

"கடலையில என்னைக்குங்க கொலஸ்ட்ரால் இருந்திச்சி? செடி கொடியில அது கிடையாது. இல்லாதத இல்லேன்னு எழுதி விக்கிறான்" என்றேன்.

"அதையே நானும் எழுதுறேன். உப்புல இருக்குதா?"

"இல்ல."

"அப்ப பொய்யா? சொல்லு டீச்சர்."

சிவப்பு இதயத்தோடு கவர் அச்சுக்குப் போனது. பாக்கெட் விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. பாண்டிச்சேரிக் கடைக்காரர்கள்கூடச் சரக்குக் கேட்டு ஆள் அனுப்பினார்கள்.

நான் விடவில்லை. சாப்பாட்டு மேசையில் சாக்பீஸால் நான்கு வளையங்களை ஒட்டி ஒட்டி வரைந்தேன். இதுதான் கொலஸ்ட்ரால், இது விஷமில்லை, உடம்பில் ஒவ்வொரு செல்லின் சுவரிலும் இது இருக்கிறது, கொழுப்பைக் கரைக்கும் பித்தநீர் இதிலிருந்துதான் வருகிறது, உப்பளத்து வெயில் தோலில் பட்டு வைட்டமின் டி ஆவதும் இதன் பங்காளி ஒன்றிலிருந்துதான் என்றேன். கொட்டாவி விட்டார். ஆண்களின் ஹார்மோனும் இதிலிருந்துதான் வருகிறது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஓ! அதான் எனக்கு ஜாஸ்தியா இருக்குது."

தலையில் அடித்துக்கொண்டேன்.

பிறகு சாம்பல் புதன் வந்தது. எங்கள் வீட்டில் தவக்காலம் முழுக்கக் கறி கிடையாது. அவர் அந்த வருஷம் முட்டை, மீன், இறால் எல்லாவற்றையும் விட்டார். பங்குக் கோயிலில் ஒரே பாராட்டு. அதோடு நிறுத்தியிருக்கலாம். மாத்திரையையும் விட்டுவிட்டார்.

"வாயில போடறதே இல்ல, அப்புறம் ரத்தத்துல எங்கேர்ந்து வரும்? மாத்திர எதுக்கு?"

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. "நீங்க திங்கிறதுலேர்ந்து வர்றது கொஞ்சம்தான். மிச்சத்த ஒங்க கல்லீரலே சின்னச் சின்னத் துண்ட ஒட்டி ஒட்டித் தயாரிக்குது. நீங்க பட்டினி கெடந்தாலும் தயாரிக்கும். அந்த மாத்திரதான் அதப் போய்க் கொறைக்கச் சொல்லுது. ஒங்க அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்த வயசு நெனப்பிருக்குதா? எனக்குப் பயமா இருக்குது."

"கல்லீரல் இன்னா உப்பளமா, அது பாட்டுக்கு வெளைய?" என்று சிரித்தார்.

குருத்தோலை ஞாயிறு முடிந்த மறுநாள், தவத்தின் பலனை எனக்குக் காட்டுவதற்கென்றே, வெறும் வயிற்றோடு, என்னையும் கூட்டிக்கொண்டு பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறினார். லேப்பில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு, பரீட்சையில் முதல் மார்க் வாங்கப்போகிற பையன் மாதிரி உட்கார்ந்திருந்தார். காகிதம் வந்தது. கொலஸ்ட்ரால் ஜனவரியில் இருந்த இடத்துக்கே திரும்பியிருந்தது, கொஞ்சம் மேலேயும் போயிருந்தது.

"ஏம்பா, ஆள மாத்திக் குடுத்துட்டியா? நாப்பது நாளா ஒரு நெத்திலி கூடத் தொடலப்பா நானு!" என்று கவுன்டரில் கத்தினார். கத்திக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்தினார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. இடது கையைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, "ஏம்மா, ஒரு மாதிரி இருக்குது" என்றார். நல்லவேளை, ஆஸ்பத்திரி அதே தெருவில் இருந்தது.

இதயத்து ரத்தக்குழாயில் அடைப்பு. ட்யூப் மாதிரி ஒன்றை வைத்துச் சரிசெய்தார்கள். வாசலில் உட்கார்ந்து நான் படித்த கெமிஸ்ட்ரி முழுவதையும் மறந்து மாதாவிடம் அழுதேன். இந்தப் பிடிவாதக்கார மனுஷன் எனக்கு வேணும் என்று சத்தமாகவே கேட்டேன்.

டிஸ்சார்ஜ் அன்றைக்கு டாக்டர், "பிரஷரும் இருக்குது, உப்பக் கொறைக்கணும்" என்றார்.

"அதுல கொலஸ்ட்ரால் இல்லிங்களே டாக்டர்" என்றார் இவர், படுத்தபடியே.

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஈஸ்டரன்று வீடெல்லாம் பிரியாணி மணக்க, இவருக்கு உப்பில்லாக் கஞ்சி. மாத்திரையை நீட்டினால் அப்புறம் அப்புறம் என்று இழுத்தார். நான்கு வளையத்தையும் கல்லீரலையும் மறுபடி விளக்க எனக்குத் தெம்பில்லை. மூட்டையாகக் கிடந்த உப்புக் கவரில் ஒன்றை எடுத்து, மாத்திரைகளை அதில் கொட்டித் தலைமாட்டில் வைத்தேன். கவரைத் திருப்பிப் பார்த்தார். சிவப்பு இதயம். கொலஸ்ட்ரால் இல்லாதது.

தண்ணீர் கேட்டார். அன்றிலிருந்து ஒரு நாளும் தவறியதில்லை. பதினெட்டு வருஷம் கெமிஸ்ட்ரி நடத்தியவளை நம்பாதவர், தான் அச்சடித்ததை நம்பினார். நம்பிவிட்டுப் போகட்டும், உயிரோடு இருக்கிறார்.