எஞ்சினுக்குக் கொடுத்த நல்ல தண்ணி

அந்த வாரத்தில் மூன்றாவது முறையாக எங்கள் பழைய பிக்கப் வண்டியின் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டபோது எனக்குக் கோபம்கூட வரவில்லை. ஓரங்கட்டி அணைத்துவிட்டு ஸ்டியரிங்கில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டேன். பக்கத்தில் என் மனைவி. பின்னால் பதினெட்டு மூட்டை குண்டு மிளகாய். சாயல்குடியைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான் வந்திருந்தோம். ராமநாதபுரம் சந்தைக்கு இன்னும் நெடுந்தூரம் இருந்தது.

"எறங்குங்க. உள்ளயே இருந்தா நாமளும் வெந்துபோவோம்" என்றாள்.

முதல் தடவை நின்றபோது அவசரப்பட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிட்டேன். கொதிக்கும் தண்ணீர் பீறிட்டு இடது கை வெந்துபோனது. கையில் போட்ட கட்டை இன்னும் பிரிக்கவில்லை. இரண்டாவது தடவை ஊர் மெக்கானிக் தெர்மோஸ்டாட்டை மாற்றினார், ஃபேன் பெல்ட்டையும் மாற்றினார். ஆயிலைத் தொட்டுப் பார்த்து, தண்ணீர் கலக்கவில்லை, பயப்பட வேண்டாம் என்றார். வீட்டில் மிளகாய்ப் பறிப்பு ஓடிக்கொண்டிருக்க, நான் இரண்டு நாள் அவர் பட்டறையில் உட்கார்ந்திருந்தேன். அவள் தனியாளாக ஆட்களோடு காட்டில் நின்றாள்.

பானெட்டைத் தூக்கி வைத்துவிட்டுக் கருவேல நிழலில் நின்றோம். எங்களிடம் இருந்தது அரை பாட்டில் தண்ணீர். தூரத்தில் உப்பளத்தில் பெண்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். என் மனைவி வரப்பில் அவர்களிடம் நடந்து போனாள். திரும்பி வரும்போது, இடுப்பில் பிளாஸ்டிக் குடத்தோடு ஒரு அக்காவும் கூட வந்தார்.

"தம்பி, நாங்க குடிக்கக் கொண்டாந்த நல்ல தண்ணி இது. பாதிய ஊத்திக்க."

"உங்களுக்கு வேணாமாக்கா?"

"உச்சி வெயிலுக்குள்ள நாங்க வேலைய முடிச்சுக் கரையேறிருவோம். நீ பொம்பளையக் கூட்டிக்கிட்டு இந்த வெயில்ல எங்கன போவ?"

எங்கள் பக்கம் நல்ல தண்ணீரைக் குடம் கணக்கில் வாங்கித்தான் குடிக்கிறோம். அதை எஞ்சினுக்கு ஊற்றுவதற்குக் கை கூசியது.

வண்டி ஆறுவதற்குக் காத்திருந்தபோது, என் மனைவி முன்பக்கம் போய் ரேடியேட்டரில் ஒட்டியிருந்த தூசியை ஈரத்துண்டால் துடைத்தாள்.

"ஏங்க, மேல சுடுது. கீழ சில்லுனு கெடக்கே?"

நானும் தொட்டுப் பார்த்தேன். உண்மைதான். மெக்கானிக்குக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"அப்ப உள்ள கொழாயெல்லாம் அடைச்சிருக்குண்ணே. தண்ணி சுத்தி வரல. நான்தான் அதைக் கழட்டிப் பாத்திருக்கணும்."

"இப்ப என்ன செய்ய?"

"தண்ணி ஊத்திட்டு மெதுவா ராமநாதபுரம் டவுனுக்குப் போங்க. அங்கன ரேடியேட்டர் வேலை செய்றவரு இருக்காரு. போறப்ப ஹீட்டரப் போட்டுக்கங்க. எஞ்சின் சூட்டக் கொஞ்சம் உள்ள இழுக்கும்."

சித்திரை வெயிலில் ஹீட்டர்! அந்த வண்டியில் அப்படி ஒன்று இருப்பதையே நாங்கள் மறந்திருந்தோம். அக்கா தந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டு கிளம்பினோம். முகத்தில் அனல் அடிக்க, கண்ணாடிகளை இறக்கிவிட்டுப் போனோம். மிளகாய் நெடியும் சேர்ந்துகொண்டது. நனைத்த துண்டைத் தலையில் போட்டிருந்தவள் தும்மினாள், பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரிக்க எனக்கும் ஆசைதான். வரவில்லை.

போய்ச் சேர்ந்தபோது சந்தையில் மிளகாய் ஏலம் முடிந்திருந்தது. மூட்டைகளை மண்டியில் இறக்கிவிட்டு ரேடியேட்டர் கடைக்குப் போனோம். அங்கிருந்த பெரியவர் அதைக் கழற்றி மேல்தொட்டியைப் பிரித்துக் காட்டினார். குழாய் வாய்களில் சுண்ணாம்பு அப்பினாற்போல வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது.

"என்ன தண்ணி ஊத்துறீக?"

அவள்தான் சொன்னாள்: "எங்க போர் தண்ணிதான். உப்பு. வாயில வைக்க முடியாது."

"நீங்க வாயில வைக்காததத்தான் இதுக்குக் குடுத்திருக்கீக. இனிமே கடையில விக்கிற கூலண்ட் மட்டும் ஊத்துங்க."

மெக்கானிக்கைக் குறை சொல்ல என்னிடம் ஒன்றும் மிஞ்சவில்லை. ஐந்து வருடமாக வாளியில் மோந்து ஊற்றியது நான்தான். வேலை முடிய மாலையாகும் என்றார் பெரியவர். கடை பெஞ்சில் அவள் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு படுத்தாள். நான் கீழே, டயர் ஒன்றில் சாய்ந்து உட்கார்ந்தேன். கை எரிந்தது. கட்டை மாற்ற ஆஸ்பத்திரிக்குப் போகலாம்தான். எழுந்திருக்கத் தோன்றவில்லை.