இன்னும் நூற்றெழுபது கிலோமீற்றர்

என் மனைவி அழவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன வருடம் நான் சைக்கிள் போட்டியைப் பாதியில் விட்டபோது, அவள் போன் எடுத்து அழுதாள், அதனால்தான் விட்டேன் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். பச்சைப் பொய். அவள் அழவுமில்லை, போன் எடுக்கவுமில்லை.

எனக்குக் கல்முனையில் ஹார்ட்வெயார் கடை. நாற்பத்து மூன்று வயதில் சீனி வருத்தம் எட்டிப் பார்த்தது. டொக்டர் நடக்கச் சொன்னார். நடப்பதற்கு எனக்குப் பொறுமை கிடையாது, சைக்கிளில் ஏறினேன். முதலில் காரைதீவு மட்டும், பிறகு அக்கரைப்பற்று, பிறகு பொத்துவில். ஏறினவனுக்கு இறங்கத் தெரியவில்லை. இரண்டு வருடத்தில், கொழும்பில் தொடங்கித் தெற்குக் கரையைச் சுற்றி, மொனராகலை, பொத்துவில், கல்முனை, மட்டக்களப்பு என்று வந்து திருகோணமலையில் முடியும் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன்.

இந்தப் போட்டியில் பின்னால் வாகனம் வராது. சாமான், சட்டை, ரியூப் எல்லாம் சைக்கிளிலேயே கட்டியிருக்கும். ரயர் வெடித்தால் நீயே ஒட்டவேண்டும், தூக்கம் வந்தால் பஸ் ஹோல்ட்டிலோ பள்ளிவாசல் விறாந்தையிலோ நீயே இடம் தேடவேண்டும். கடையில் வாங்கிச் சாப்பிடலாம், ஏனென்றால் கடை எல்லோருக்கும் திறந்திருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவர் மனமிரங்கி ஏதும் தந்தால் அதையும் வாங்கலாம். ஆனால் சொந்தக்காரர் கையால் ஒரு மிடறு தண்ணீர்கூடக் கூடாது. சொந்த வீட்டுக்குள் கால் வைத்தால் அத்தோடு ஆட்டம் சரி. அந்தச் சட்டத்தை எழுதியவர் மாமியார் வீட்டுச் சோற்றைத் தின்று பார்க்காதவராகத்தான் இருக்கவேண்டும்.

போன வருடம் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தபோது எனக்கு ஒரு குறையுமில்லை. களைப்பு, அவ்வளவுதான். எட்டிப் பார்த்துவிட்டுப் போவோம் என்று உள்ளே போனேன். மின்விசிறிக்குக் கீழே கதிரை கிடந்தது, இருந்தேன். மனைவி தேத்தண்ணியோடு வந்து, கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்: "இதக் குடிக்கலாமா? ஒங்கட சட்டத்துல இல்லாத மாதிரிக் கிடக்கே." நான்தான், "பரவாயில்ல, தா" என்றேன். குடித்தேன். அப்படியே படுத்தேன். எழும்பும்போது மறுநாள் நண்பகல், லுஹர் பாங்கு சொன்னது.

கடைக்கு வந்தவர்கள் ஏன் விட்டாய் என்று கேட்டார்கள். களைத்துப் போனேன் என்று சொல்ல வாய் வரவில்லை. "வீட்ட அவ அழுறா, என்ன செய்யிற?" என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அடுத்தவனிடம் சொல்லும்போது கண்ணீரைக் கொஞ்சம் கூட்டினேன். வெட்கம் கெட்டவன்.

அந்தக் கதை அவளிடம்தான் போய் நின்றது. கலியாண வீடு, சாவு விழுந்த மையித்து வீடு, எங்கே போனாலும் பெண்கள் விடவில்லை. "மாப்பிள்ளைய சைக்கிள்லயும் உட மாட்டியாமே புள்ள?" என்று பகிடி. அவள் வீட்டில் வந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆறேழு மாதம் கழித்து, எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தவள் கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"நான் எப்ப அழுத?"

"அது சும்மா ஒரு கதைக்குச் சொன்ன."

"கதைக்கெண்டா ஒங்கட பேரப் போட்டுச் சொல்லியிரிக்கலாமே?"

பதில் இல்லாதபோது எனக்குக் கோபம்தான் வரும். சோற்றில் கைகழுவிவிட்டு எழும்பிப் போனேன். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவேயில்லை. இந்த வருடம் நான் மறுபடியும் பெயர் கொடுத்தபோதும், "கவனம்" என்ற ஒரு சொல்தான் சொன்னாள். அவள் சண்டை பிடித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

இந்த வருடம் உண்மையிலேயே கஷ்டம். பொத்துவிலில் காலையில் தின்ற பராட்டா வயிற்றில் நிற்கவில்லை. இரண்டு இடத்தில் இறங்கி வாந்தியெடுத்தேன். விரல்கள் மரத்துப்போய்ச் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. இருக்கை பட்ட இடமெல்லாம் புண், அதைப் பற்றி மேலும் எழுதுவது மரியாதையில்லை. திருக்கோவிலில் வேலியோரம் நின்ற ஒருவர் என் கோலத்தைப் பார்த்து, கேட்காமலே ஒரு செவ்விளநி வெட்டித் தந்தார். காசு நீட்டினேன், "போங்க தம்பி" என்று கையைத் தட்டிவிட்டார். அவர் யாரோ, நான் யாரோ. அந்த இளநிதான் என்னைப் பாலமுனை வரைக்கும் கொண்டுவந்தது.

பாலமுனை தாண்டியதும் மனதுக்குள் கணக்கு ஓடத் தொடங்கியது. ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது. ஒவ்வொரு ஊரும் எனக்கு வீடு எவ்வளவு கிட்ட என்றுதான் சொல்லியது, வீட்டிலிருந்து திருகோணமலைக்கு இன்னும் நூற்றெழுபது கிலோமீற்றர் என்று சொல்லவில்லை. காரைதீவுச் சந்தியிலேயே முடிவெடுத்துவிட்டேன். போதும். வாந்தி, காய்ச்சல், ஏதோ ஒன்றைச் சொல்லிக்கொள்ளலாம். அவள் என்னைப் பார்த்துப் பயந்துபோய் உள்ளே கூப்பிட்டாள் என்றும் சொல்லலாம். அல்லாஹ்வே, அந்த நேரத்திலும் புத்தி அங்கேதான் போனது.

வீட்டு வாசலுக்கு வந்தபோது பின்னேரம், அஸர் தொழுகை முடிந்து சனம் வெளியே வந்த நேரம். எங்கள் வீட்டுக்கு எதிரே தேத்தண்ணிக் கடை, அதில் ஏழெட்டுப் பேர். நான் எங்கே வருகிறேன் என்று போனில் ஒரு புள்ளி காட்டிக்கொண்டே இருக்கும், அதைப் பார்த்துக் காத்திருந்தார்கள். மனைவியும் முக்காடு போட்டுக்கொண்டு கேற்றுக்கு உள்ளே நின்றாள். கையில் தேத்தண்ணியும் இல்லை, ஒன்றுமில்லை. நான் சைக்கிளைச் சுவரில் சாத்தியதும் அவள் கேற்றின் கொழுக்கியைப் போட்டாள்.

"ஒரு மிடறு தண்ணி தா புள்ள."

"முன்னுக்குக் கடை இரிக்கி. வாங்கிக் குடிங்க. அதுதானே சட்டம்?"

"எனக்குச் சட்டம் படிப்பிக்கிறியா? ஏலா எனக்கு. முடிஞ்சி. கேற்றத் தொற."

"தொறக்கத்தான் போறன். அதுக்கு முந்தி இவங்களப் பாத்துச் சொல்லுங்க, ஏன் நிப்பாட்டின எண்டு. போன முறை ஏன் நிப்பாட்டின எண்டும் சேத்துச் சொல்லிட்டு உள்ள வாங்க. இந்த முறையும் என்ட தலையில போட ஏலா."

எங்கள் ஊர்ப்பக்கம் வீடு பெண்ணுக்குத்தான். அவளுடைய வாப்பா அவளுக்குக் கட்டிக்கொடுத்த வீடு, அவளுடைய கேற். பதினெட்டு வருடத்தில் ஒருநாளும் அவள் அதைச் சொல்லிக் காட்டியதில்லை, அன்றும் சொல்லவில்லை. கொழுக்கியில் கையை வைத்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான். அந்தக் கை கொழுக்கியைப் பாதி தூக்கிவிட்டு மறுபடியும் போட்டதைக் கண்டேன். என்னைப் பட்டினியாக வாசலில் நிறுத்திவைப்பது அவளுக்கும் லேசில்லை. கத்துவதற்கு வாயைத் திறந்தவன், அந்தக் கையைக் கண்டு அடங்கிப்போனேன்.

தேத்தண்ணிக் கடைப் பக்கம் திரும்பினேன். "போன வருஷம் இவ அழல்ல," என்றேன். மெதுவாகத்தான். கடைக்காரர், "என்ன தம்பி, கேக்கல்ல" என்றார். அவருக்கு உண்மையிலேயே கேட்கவில்லையா, வேண்டுமென்று கேட்டாரா, இன்றைக்கும் தெரியாது.

"போன வருஷம் இவ அழல்ல!" என்று கத்தினேன். "போன் எடுக்கவுமில்ல. தேத்தண்ணிய குடிக்கலாமா எண்டுதான் கேட்ட. நான்தான் களைச்சி விட்டுப்போட்டுப் பொய் சொன்ன."

ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்கு முகமெல்லாம் சுட்டது, காது இரண்டும் சுட்டது. வெட்கத்தில் செத்தவன் மாதிரி நின்றேன், ஆனாலும் நெஞ்சில் ஒரு வருடமாக அடைத்துக்கொண்டிருந்தது போய்விட்டது.

"மறுகா?" என்றாள் மனைவி, பிறகு என்ன என்கிற மாதிரி.

"மறுகா என்ன? சொல்லிட்டன்தானே?"

"இந்த முறை?"

இந்த முறைக்குச் சொல்லத்தான் வாயெடுத்தேன். வயிறு என்று சொல்ல நினைத்தேன், இளநிக்குப் பிறகு வாந்தி வரவில்லை. கால் என்று சொல்ல நினைத்தேன், கால் நோகிறது, ஆனால் மிதிக்கிறது. புண் என்றால், அது கொழும்பிலிருந்தே கூட வருகிறது. இப்போதுதான் ஒரு பொய்யைத் துப்பினேன், அந்த வாயால் இன்னொன்றை எப்படிச் சொல்வது?

"மிதிக்க ஏலும்," என்றேன்.

"ஏலுமெண்டா இஞ்ச என்னத்துக்கு நிக்கிறீங்க?"

அப்போதுதான் கடையே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, கண்ணிலிருந்து தண்ணீரும் வந்தது. கடையில் காசு கொடுத்து ஒரு சோடாவும் இரண்டு வாழைப்பழமும் வாங்கினேன். ரோட்டோரத்தில் குந்தியிருந்து தின்றேன். அவள் போகாமல் கேற்றுக்கு உள்ளேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சைக்கிளில் ஏறும்போது, "பிஸ்மி சொல்லி ஏறுங்க" என்றாள்.

மறுநாள் திருகோணமலைக்குப் போய்ச் சேர்ந்தேன், கடைசியிலிருந்து மூன்றாவது ஆளாக. கடைக்கு வந்து எப்படி முடித்தாய் என்று கேட்பவர்களிடம், அவள் கேற்றைத் திறக்கவில்லை என்றுதான் சொல்கிறேன். திறந்திருந்தால் உள்ளே போயிருப்பேன். ஒரு வாரத்துக்குள் அவளைத்தான் மறுபடியும் குற்றம் சொல்லியிருப்பேன். என்னை எனக்குத் தெரியும், என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.