மூண்டுக்கு ஒண்டு

சம்பளமில்லாத வேலைக்குத்தான் முதலாளிமார் கூட. விளையாட்டுக் கழகத்தில ட்ரேனராய் இருந்து வாங்கிக் கட்டினவைக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. இன்னும் மாட்டுப்படாதவை கொஞ்சம் கேளுங்கோ, அடுத்த பொதுக்கூட்டத்தில கையைத் தூக்காமல் மடியில வைச்சுக்கொண்டு இருப்பியள்.

நான் இஞ்ச டென்மார்க்கில, பிரெடெரிசியா எண்ட ஊரில, பகலில ஒரு தொழிற்சாலையில பெட்டி அடுக்கிறன். பின்னேரத்தில பேஸ்போல் பழக்கிறன். கோடையில தமிழ்க் கழகங்கள் சனிக்கிழமையளில ஊருக்கு ஊர் போய் ஆடுற போட்டி, ஆணும் பெண்ணும் கலந்த அணிகள். கீழ சொல்லுறது எல்லாம் போன கோடையில ஆறு கிழமைக்குள்ள நடந்தது. அந்த ஆறு கிழமையும் நான் ஒழுங்காய்ச் சாப்பிடேல்லை.

எல்லே அடிச்ச குற்றம்

உதைபந்தாட்டத்துக்கு ட்ரேனர் வேணுமெண்டால் எட்டுப் பேர் வருவினம். பேஸ்போலுக்கு ஒரு குஞ்சும் வராது. பள்ளிக்கூடக் காலத்தில ஊரில எல்லே, அதுதான் தடியால பந்தடிச்சு ஓடுற விளையாட்டு, அடிச்சனான், ரெண்டும் ஏறக்குறைய ஒண்டுதானே எண்டு ஒரு கலியாண வீட்டில வாய் தவறிச் சொன்னன். அடுத்த கிழமையே விசிலைக் கொண்டுவந்து கழுத்தில மாட்டிவிட்டினம். ஏழு வருஷமாச்சு, இன்னும் கழட்டேல்லை.

போன கோடை தொடங்கி மூண்டாம் ஆட்டத்தில எங்கட ஷார்ட்ஸ்டாப்புக்கு முழங்கால் போச்சுது. ஷார்ட்ஸ்டாப் எண்டால் ரெண்டாம் பேஸுக்கும் மூண்டாம் பேஸுக்கும் நடுவில நிக்கிற ஆள். வலக்கைக்காரர் அடிக்கிற பந்து கூடுதலாய் அந்தப் பக்கந்தான் வரும். அங்க நல்ல ஆள் இல்லையெண்டால் கதவைத் திறந்துவிட்டு வீட்டுக்குக் காவல் இருக்கிற மாதிரித்தான். அதுக்குப் பிறகு நாலு ஆட்டம் தோத்து, பட்டியலில கடைசிக்கு வந்திட்டம். கழகத் தலைவர் சிவநாதன் அண்ணை மைதானத்துக்கே வந்து, என்ர தோளில கையைப் போட்டு, வலு அன்பாய்ச் சொன்னார்: "தம்பி, கடைசியாய் வந்தால் உம்மட மைதான நேரம் உதைபந்தாட்டத்துக்குப் போகும். நகரசபைக்குக் கடிதம் எழுதி வைச்சிட்டன், திகதிதான் இன்னும் போடேல்லை."

ஓல்போர்க்கில இருந்து ஒரு கேள்வி

ஓல்போர்க் அணியில சாம்பவி எண்டு ஒரு பிள்ளை. பத்தொன்பது வயசு. நிலத்தோட உருண்டு வாற பந்தைக் குனிஞ்சு எடுத்து, நிமிர முந்தியே எறிஞ்சு போடுவாள். முதியோர் பராமரிப்புப் படிக்க எங்கட ஊருக்கு இடம் மாறி வந்திட்டாள், எங்களுக்கே ஆட விருப்பமாம். ஆனால் நடுப் பருவத்தில கழகம் மாறவேணுமெண்டால் ரெண்டு ட்ரேனர்மாரும் ஒரே பத்திரத்தில கையெழுத்துப் போடவேணும். அதுக்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை, பகல் பன்னிரண்டு மணி.

ஓல்போர்க் ட்ரேனர் யோகனுக்கு எடுத்தன். மனிசன் நல்ல மனிசன்தான், ஆனால் அவரின்ர கழுத்திலயும் ஒரு விசில் தொங்குதெல்லோ. அவரிட்ட பத்துப் பேர்தான் மிச்சம். சாம்பவி போனால் ஒன்பது, ஆட வேண்டிய கணக்கே அதுதான்; அதில ஒருத்தருக்குத் தடிமன் காய்ச்சல் வந்தாலும் மைதானத்துக்கு இறங்கேலாது. சாம்பவிக்குப் பதிலாய், எங்கட வாங்கில மாற்று ஆட்களாய் இருக்கிற இளம் பிள்ளையளில அர்வின், கெவின் எண்ட ரெண்டு பேரைப் பேர் சொல்லிக் கேட்டார். மூண்டாவதாய் ஆர் எண்டாலும் சரியாம். ரெண்டு வருஷம் கழிச்சு நாங்கள் இறக்கப்போற அணியைத்தான் மனிசன் கேக்கிறார் எண்டு எனக்கு விளங்கிச்சுது. யோசிக்க வேணும் எண்டன். யோகன் சொன்னார்: "யோசியுங்கோ அண்ணை, நான் அவசரப்படுத்தேல்லை, வெள்ளிக்கிழமைதான் அவசரப்படுத்துது."

மல்லிகா அக்காவின்ர சம்மதம்

பதினெட்டு ஆகாத பிள்ளையளுக்குப் பெற்றோர் சம்மதம் வேணும். அர்வினின்ர தாய் மல்லிகா அக்காவுக்கு வேலை இடைவேளையில எடுத்தன். எனக்குப் பதட்டம், பின்னால மெஷின் சத்தம். "அக்கா, ஓல்போர்க்கில இருந்து ஒரு பிள்ளையை எடுக்கப்போறம், நல்ல பிள்ளை. அதுக்கு உங்கட மகனை அங்க குடுக்கவேண்டி இருக்கு. மாத்துத்தான். உங்கட சம்மதம் வேணும்" எண்டு ஒரே மூச்சில சொல்லி முடிச்சன்.

மல்லிகா அக்கா, பிள்ளை என்ன படிக்குது எண்டு கேட்டா. சொன்னன். தாய் தேப்பன் ஊரில எவடம் எண்டா. எனக்கென்ன தெரியும், ஓல்போர்க் எண்டன். பிள்ளை ஓடுறதில கெட்டிக்காரி எண்டும் சேர்த்துச் சொன்னன், அதோட அவவின்ர குரலே மாறிப்போச்சுது. பந்து விளையாட்டை நான் பேச, அவ தன்ர மகனுக்கு மாற்றுக் கலியாணம் பேசுறன் எண்டு நினைச்சுக்கொண்டு நிக்கிறா எண்டு எனக்கு உறைக்கேக்க இடைவேளை முடிஞ்சு மணி அடிக்குது. மல்லிகா அக்கா மெல்லமாய்ச் சொன்னா: "தம்பி, அவனுக்குப் பதினேழுதான், படிப்பு முடியட்டும். எதுக்கும் பிள்ளையின்ர சாதகத்தை அனுப்பிவிடும்."

மேசையில இருந்தவை

புதன்கிழமை நிர்வாகக் கூட்டம். அதுக்குள்ள மல்லிகா அக்காவுக்கு விளக்கம் சொல்லி, அவவும் சிரிச்சு, சம்மதமும் வந்திட்டுது. கெவின் வீட்டிலயும் ஓமெண்டிட்டினம். மூண்டாவது பேர் மட்டும் வெறுமையாய்க் கிடக்குது. சிவநாதன் அண்ணை, அணி இருந்தால்தானே இளம் பிள்ளையளும் ஆடலாம், குடுப்பம் எண்டார். பொருளாளர் றெஜினா அக்கா ஒரேயடியாய் மறுத்தா. இண்டைக்கு ஒரு ஆட்டம் வெல்லுறதுக்கு நாளைக்கு ஆடப்போற மூண்டு பேரை அனுப்பிப்போட்டு, அடுத்த வருஷம் ஆரை இறக்கப்போறியள் எண்டு கேட்டா. மூண்டு பேர் அந்தப் பக்கம், மூண்டு பேர் இந்தப் பக்கம். ஏழாவது ஆள் நான். கோப்பி ஆறிப்போச்சுது, ஒருத்தரும் தொடேல்லை.

அப்பதான் றெஜினா அக்கா கண்ணாடியைக் கழட்டி மேசையில வைச்சா. என்னைத்தான் பாத்தா. அவ சொன்னா: "ஆரோ பெத்த பிள்ளையளைத்தானே கணக்குப் பாக்கிறியள், இந்த மேசையில இருக்கிற ஆரின்ரயாவது பிள்ளை அந்தப் பத்திரத்தில இருக்கோ?"

ரோசக்காரன்

நான் ஒரு ரோசக்காரன். ரோசம் வந்தால் புத்தி எனக்கு முன்னாலயே வெளிக்கிட்டுப் போயிடும். பேனையை எடுத்து மூண்டாவது வரியில என்ர மகளின்ர பேரை எழுதினன். அபிராமி, பதினாறு வயசு, ரெண்டு வருஷமாய் எங்கட வாங்கில இருக்கிறாள், அவள் பழகேக்க நான் பாதி நேரம் போனிலதான். கையும் தூக்கினன், நாலுக்கு மூண்டு. வெளியில வரேக்க எனக்கு நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. கார்க் கதவைத் திறக்கேக்கதான், இதைப் போய் அவளுக்குச் சொல்லவேணுமே எண்ட நினைப்பு வந்தது.

அபிராமி குசினியில நிண்டு பாண் வெட்டிக்கொண்டிருந்தாள். சொன்னன். கழகத்துக்கு நல்லம், உனக்கும் ஆட இடம் கிடைக்கும், சனிக்கிழமை ரயிலுக்கு நான் கொண்டுபோய் விடுறன் எண்டு என்னென்னவோ சொன்னன். கத்தியைக் கீழ வைச்சாள். வீட்டில டெனிஷில பொரியிறவள், அண்டைக்குத் தமிழில, ஒவ்வொரு சொல்லாய்க் கேட்டாள்: "அப்பா, அவை என்னைக் கேட்டவையா, இல்லாட்டி நீங்கள் என்னை எழுதினீங்களா?"

வெள்ளிக்கிழமை பத்தரை

பொய் சொல்லேலாமல் போச்சுது. நான்தான் எழுதினனான் எண்டன். மேல போனவள், வியாழக்கிழமை முழுக்க என்னோட கதைக்கேல்லை. பின்னேரம் ஆளையும் காணேல்லை. எங்க எண்டு கேட்டால் என்ர மனிசி, அலுவலாய்ப் போயிருக்கிறாள், தனக்குத் தெரியும் எண்டு மட்டும் சொன்னா. எனக்கு வெக்கமாய் இருந்தது. ஒரு மேசைக்கு முன்னால நல்ல மனிசனாய் நிக்கிறதுக்காகப் பெத்த பிள்ளையைத் தூக்கிக் குடுத்திட்டன் எண்டு எனக்கே தெரிஞ்சுது. வெள்ளிக்கிழமை காலமை பத்தரைக்கு, இடைவேளை மணி அடிச்ச உடன யோகனுக்கு எடுத்தன். அபிராமியின்ர பேரை வெட்டப்போறன், சாம்பவி வராட்டிலும் பரவாயில்லை, அணியைக் கலைச்சாலும் பரவாயில்லை எண்டன். போனைக் காதோட அமத்திப் பிடிச்சன்.

அண்ணை உங்களுக்குத் தெரியாதோ எண்டார் யோகன். வியாழக்கிழமை அபிராமி தானாய் அவருக்கு எடுத்து, சாம்பவி போனால் நடுவில இடம் காலிதானே, அதில நிண்டு காட்டட்டோ எண்டு கேட்டிருக்கிறாள். பள்ளிக்கூடம் விட்ட கையோட ரயில் ஏறிப் போய், அவர் அடிக்க அடிக்க நாப்பது பந்து எடுத்திருக்கிறாள், ரெண்டைத்தான் தவறவிட்டவளாம். அந்தப் பக்கம் வாற பந்துக்கு எங்க நிக்கவேணுமெண்டு வாங்கில இருந்தே பாத்துப் படிச்சு வைச்சிருக்கிறாளாம். யோகன் கேட்டார்: "இப்பிடி ஒரு ஷார்ட்ஸ்டாப்பை வாங்கில இருத்திப்போட்டு, என்னிட்ட ஏன் அண்ணை ஆள் கேட்டனீங்கள்?"

பதினொண்டே முக்கால்

பள்ளிக்கூட வாசலுக்கே ஓடினன். மேலாளரிட்ட வயித்துக் குத்து எண்டு சொன்னன், அது முழுப் பொய்யும் இல்லை. அபிராமி வெளியில வந்தாள். யோகன் முதலே கையெழுத்துப் போட்டு அனுப்பின பத்திரம் இன்னும் என்ர கையில, நானும் போட்டுப் படமெடுத்து அனுப்பினால் சரி. கிழிச்சுப் போடுறன், இஞ்சயே நில், நாளையில இருந்து நடுவில நீதான் எண்டன். கெஞ்சினன் எண்டே சொல்லலாம்.

அவளுக்குக் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் எனக்குச் சுகமாய் இருந்திருக்கும். பையைத் திறந்து ஒரு பேனையை எடுத்து என்ர கையில தந்தாள். நேரத்தைப் பாத்தாள். பிறகு, வலு சாதாரணமாய்ச் சொன்னாள்: "வேண்டாம் அப்பா, அங்க நான் நாப்பது பந்தும் எடுத்து முடியுமட்டும் ஒருத்தரும் போனைப் பாக்கேல்லை."

கையெழுத்துப் போட்டன்; இப்ப சனிக்கிழமை விடிஞ்சால் எங்களைத் தோற்கடிக்கப்போற ஷார்ட்ஸ்டாப்புக்குச் சாப்பாடு கட்டி, ஸ்டேஷனில இறக்கி, வடிவாய் ஆடு எண்டு சொல்லி அனுப்பிப்போட்டு வந்து விசிலை மாட்டுறதுதான் என்ர ட்ரேனர் உத்தியோகம்.