பத்து நிமிடப் பதிவு

எங்கள் சிறப்புப் பள்ளியில் எல்லோரும் அவரைக் கல்லு டீச்சர் என்பார்கள். முகத்துக்கு நேரே இல்லை. நேரே சொன்னாலும் கோபப்படமாட்டார். கணவர் இறந்து பத்தே நாளில் வேலைக்கு வந்தவர். "துக்கமா இருக்காக்கா?" என்று நான் கேட்டதற்கு, "தெரியல, இருக்கும்" என்றார். அந்தக் கல்லுத்தனத்தால்தான் ஒரு பிள்ளைக்குப் பாடம் நடந்தது.

அந்தப் பிள்ளைக்குப் பதினோரு வயது. பேச்சு வராது. தண்ணீர்ப் படம், பந்துப் படம் இரண்டையும் எதிரே வைத்து, "எது வேணும்?" என்று ஒருமுறை கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். பதினோரு நிமிடம், பன்னிரண்டு நிமிடம் கழித்துக் கை மெல்லக் கிளம்பும். தொடுவாள். எனக்கெல்லாம் இரண்டு நிமிடத்திலேயே வாய் நமநமக்கும். அக்கா ஆறு வருடமாக உட்கார்ந்தார்.

அப்போதுதான் இந்த ஆன்லைன் பயிற்சி வந்து தொலைந்தது. மாதக் கடைசிக்குள் சான்றிதழ் வாங்காதவர் வகுப்பறையை விட்டு, பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேன் வேலைக்குப் போக வேண்டுமாம். அக்கா போய்விட்டால் அந்தப் பிள்ளைக்கு எதிரே உட்கார ஆளில்லை. நாற்பது பாடம். நடுநடுவே 'இருக்கிறீர்களா?' என்று திரை கேட்கும். பத்து நொடிக்குள் தொடாவிட்டால் மறுபடி முதலிலிருந்து. சாப்பாட்டு அறையில் ஃபோனைத் தம்ளரில் சாய்த்து வைத்து, ஒரு கையால் சாப்பிட்டு, மறு கையால் தொட்டுத் தொட்டு முடித்தார்.

கடைசியாக, பாடம் நடத்துவதைச் செயலியிலேயே பதிவு செய்ய வேண்டும். பத்து நிமிடம் ஆனதும் பதிவு தானாக நின்றுவிடும். அக்கா அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்தார். 'மாணவரிடம் பதில் இல்லை' என்று வந்தது. மறுநாளும் அதே. பதிவு நின்ற ஒன்றரை நிமிடத்தில் அவள் தண்ணீர்ப் படத்தைத் தொட்டாள். கதவோரம் நின்று நானே பார்த்தேன். எரிச்சலில் அந்த ஃபோனைப் போட்டு உடைக்கலாம் போலிருந்தது.

இன்னும் ஒரு வாய்ப்புதான். "என் வகுப்பு வாயாடியக் கூட்டிட்டுப் போங்கக்கா. நீங்க கேக்குறதுக்குள்ள பதில் சொல்லிடும்," என்றேன்.

"அது ஏமாத்துறது இல்லையா?"

"அப்ப வேனுக்குப் போறீங்களா?"

நாலே நிமிடம். தொண்ணூற்று நான்கு மதிப்பெண். நான் கை தட்டினேன். அக்கா "சரி" என்றார்.

பயிற்சிப் பதிவை வைத்தே பிள்ளைகளையும் பிரிப்பார்கள் என்று யார் கண்டது? 'இருமுறை பதில் இல்லை' என்று அவள் பெயருக்கு நேரே ஏறியிருந்தது. பராமரிப்பு அறைக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே ஊட்டுவார்கள், துடைப்பார்கள். எது வேண்டுமென்று யாரும் கேட்கமாட்டார்கள்.

"அவ பதில் சொல்லுவா சார், நேரமாகும்," என்று தலைமையாசிரியரிடம் போய் நின்றார் அக்கா. "நீங்க அனுப்பின வீடியோதானேம்மா?" என்றார் அவர்.

மறுநாள் பிள்ளையின் அம்மா அந்த மாற்றல் தாளோடு வந்தார். "தண்ணி கேட்டா, பந்து கேட்டான்னு ஆறு வருஷமா சொன்னீங்களே டீச்சர். என் மனசு நோகக் கூடாதுன்னு சொன்னதா?"

"இல்லம்மா, நிஜமாவே தொட்டா. இப்பவே காட்டட்டுமா? பன்னெண்டு நிமிஷம் உட்காருங்க."

"வேணாம் டீச்சர். நல்ல மனசு உங்களுக்கு. ஆனா இன்னொரு தடவ ஏமாற என்னால முடியாது."

அக்காவின் முகத்தில் ஒன்றுமில்லை. படங்களை எடுத்து அலமாரியில் வைத்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். நானும் பார்த்தேம்மா என்று ஒரு வார்த்தை போதும். வாயாடி விஷயம் வெளியே வந்துவிடுமோ என்ற பயத்தில் அதைச் சொல்லாமல் நின்றேன்.