தூசியைப் புள்ளி என்று நம்பாதவர்

லூர்து மேரி மேடம் காலமான செய்தி எங்கள் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது நான் நம்பவில்லை. அதே குழு ஒருமுறை உயிரோடிருந்த ஒருவருக்கு அஞ்சலி செலுத்தியிருக்கிறது. மேடத்தின் எண்ணுக்கே போன் செய்தேன். மகள் எடுத்தார். "ஆமாங்க சார். காலையில நெஞ்சு வலிக்குதுன்னாங்க. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள போயிட்டாங்க" என்றார்.

விருத்தாசலத்தில் எங்கள் பீங்கான் தொழில்நுட்பக் கல்லூரி நூலகராக அவரைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சந்தேகப் பார்வை நினைவிருக்கும். யார் எந்த மேற்கோளைக் கொண்டுபோனாலும், "நீங்க தெறந்து பாத்தீங்களா?" என்பார். பலருக்கு எரிச்சல் வரும். எனக்கு அதிகமாகவே வந்தது.

ஊறுகாய் ஜாடிகளுக்கு மலிவான மெருகுப் பூச்சு ஒன்றைப் பரிந்துரைத்து அறிக்கை எழுதியிருந்தேன். அந்தப் பூச்சில் ஈயம் உண்டு. புளிப்பில் அது கரைந்தாலும் ஆபத்தில்லாத அளவுதான் என்பதற்கு ஒரு பழைய ஆய்வறிக்கையைச் சான்றாகக் காட்டியிருந்தேன். அச்சுக்குப் போகுமுன் சான்றுப் பட்டியலில் நூலகர் கையெழுத்து வேண்டும். மேடம் அந்தச் சான்றின் அருகே பென்சிலால் கேள்விக்குறி போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"எல்லாருமே இததான் மேடம் காட்றாங்க. நாலு கட்டுரையில இருக்குது."

"நாலு பேரும் ஒரே எடத்துலேர்ந்து எடுத்திருந்தா அது ஒரு சாட்சிதான் சார்."

அப்போது துறைத்தலைவர் பதவிக்கு என்னோடு போட்டியில் இருந்தவர் கம்மாபுரத்துக்காரர். மேடத்துக்கும் அதே ஊர். எனக்கு வேறு சான்று தேவைப்படவில்லை. வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார் என்று கல்லூரி முதல்வரிடம் எழுத்துமூலம் புகார் கொடுத்தேன். அவரிடம் விளக்கம் கேட்டார்கள். ஒரே வரியில் பதில் எழுதினாராம்: "இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்."

இரண்டு வாரம் கழித்து என்னைக் கூப்பிட்டார். கணினித் திரையில் அந்தப் பழைய அறிக்கையின் பக்கம் இருந்தது. நாலு கட்டுரைகளுக்கும் மூலம், ஒரு மின்நூலகத்தில் இருந்த இந்த ஒரே ஸ்கேன்தான் என்று கண்டுபிடித்திருந்தார். கரையும் ஈயத்தின் அளவில், இரண்டு இலக்கங்களுக்கு நடுவே இருந்த தசமப் புள்ளியைக் காட்டி, "இது புள்ளிதானா?" என்றார்.

"புள்ளிதான மேடம்!"

"ஓரத்துல பாருங்க. அங்கயும் இதே மாதிரி புள்ளிங்க இருக்குது. அங்க ஏது நம்பரு?"

பிறகு வேறொரு மின்நூலகத்திலிருந்து எடுத்த, அதே அறிக்கையின் இன்னொரு பிரதியைத் திறந்தார். அதில் புள்ளியே இல்லை. நாங்கள் நம்பியது தூசி. உண்மையான அளவு பத்து மடங்கு.

அப்போதும் எனக்குச் சந்தேகம், இரண்டாவது பிரதிமேல். அந்தப் பூச்சு பூசிய ஜாடியில் வினிகர் ஊற்றிவைத்து, மறுநாள் ஆய்வகத்துக்குக் கொடுத்தேன். முடிவு இரண்டாவது பிரதியின் பக்கமே இருந்தது. ஆனால் அறிக்கை அச்சாகுமுன்பே, தொழிற்பேட்டையில் ஜாடி செய்யும் குமரன் என்பவருக்கு அந்தப் பூச்சின் கலவையை வாய்வழியாகச் சொல்லியிருந்தேன்.

மேடத்திடம்தான் ஓடினேன். அவருடைய ஸ்கூட்டரிலேயே போனோம். குமரனின் பட்டறை வாசலில், சேத்தியாத்தோப்புக்குப் போகவேண்டிய ஜாடிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"நீங்கதான சார் ஒண்ணும் ஆகாதுன்னீங்க?" என்றார் குமரன்.

மேடம்தான் ஆய்வக முடிவை அவரிடம் நீட்டினார். "எங்க பேச்சக் கேக்காதீங்க. இதப் படிங்க. படிச்சிட்டு, இந்த ஜாடியில உங்க வூட்டுல ஊறுகா போடுவீங்களான்னு சொல்லுங்க."

குமரன் நெடுநேரம் படித்தார். பிறகு வண்டிக்காரரைப் பார்த்து, "எறக்குப்பா" என்றார்.

திரும்பும் வழியில் மன்னிப்புக் கேட்டேன். "கம்ப்ளெயிண்ட்டு எழுத்துலதான குடுத்தீங்க? இதயும் எழுத்துலயே குடுங்க சார்" என்றார். சிரிக்கவில்லை. கம்மாபுரத்தைப் பற்றி நான் நினைத்ததையும் சொல்லிவிட்டேன். "அவரு சான்று லிஸ்ட்டயும் ரெண்டு தடவ திருப்பிக் குடுத்துட்டேன். நான் சொல்றேன்னு நம்பாதீங்க, அவரையே கேளுங்க." கேட்டேன். உண்மைதான். புகாரை எழுத்திலேயே திரும்பப் பெற்றேன்.

அவர் ஓய்வு பெறும்வரை எங்களுக்குள் பெரிய நட்பு என்று சொல்ல முடியாது. என்னுடைய ஒவ்வொரு பட்டியலையும் கடைசிவரை அதே சந்தேகத்தோடுதான் பார்த்தார். அதில் எனக்கு வருத்தமில்லை. எல்லாரையும் ஒரே தராசில் சந்தேகித்தவர் அவர். வேண்டியவர், வேண்டாதவர் பார்த்துச் சந்தேகித்தவன் நான்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு பழக்கம். சான்றுப் பட்டியலில் ஒவ்வொரு நூலுக்கும் எதிரே, மூலத்தை நானே திறந்து பார்த்த தேதியை எழுதுகிறேன். என் புதிய கட்டுரையில் இரண்டு நூல்களுக்கு எதிரே இன்னும் தேதி இல்லை. கட்டுரையை அச்சுக்குக் கேட்டு நேற்றும் போன் வந்தது. கொடுக்கவில்லை.