நான்கு முறை பார்த்த ரீடிங்

2008-இல் சிதம்பரத்தில் தங்கி முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். இளநிலை அறிவியல் மாணவர்கள் கடைசி ஆண்டு ப்ராஜெக்டில் உண்மையில் என்ன கற்றுக்கொள்கிறார்கள் என்பது தலைப்பு. அதைச் சொல்லும்போது என் தோரணை தலைப்பைவிடப் பெரிதாக இருக்கும். வாரம் இரண்டு நாள் பஸ் பிடித்துக் கடலூரில் ஒரு கல்லூரிக்குப் போவேன். வேதியியல் மாணவர்களுக்கு ஆளுக்கொரு நோட்டுக் கொடுத்து, "லேப்ல நடந்தத நடந்தபடி எழுதுங்க. என்னத் தவிர யாரும் பாக்க மாட்டாங்க" என்று சொல்லியிருந்தேன்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ப்ராஜெக்ட் தொடங்குமுன்பே சீனியர்களின் பைண்டு செய்த ரிப்போர்ட் கைக்கு வந்துவிடும். அதிலுள்ள அளவுகளை ஒட்டித்தான் புது அளவுகளும் வர வேண்டும். வராவிட்டால் வரவழைக்க வேண்டும். யாரும் இதைத் தப்பாக நினைக்கவில்லை.

கடலூர் முதுநகர்ப் பெண் ஒருத்தி, தோழியோடு சேர்ந்து தன் தெருக் கிணற்றுத் தண்ணீரின் உப்பைச் சோதித்தாள். பழைய ரிப்போர்ட்டில் இருந்ததைவிட அளவு கூடுதலாக வந்தது. நான்கு முறை செய்து பார்த்தாள். நான்கு முறையும் அதேதான். "சார் பழைய ரீடிங்கையே போடச் சொன்னாரு. எனக்குப் புடிக்கல. அந்தத் தண்ணிய குடிக்கிறது நாங்க, நான் எப்புடி மாத்துவேன்?" என்று நோட்டில் எழுதியிருந்தாள். படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. இப்படி ஒரு பக்கத்துக்காகத்தானே அலைந்தேன்!

அந்தப் பெருமையில்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன். அவளுடைய வழிகாட்டி ஆசிரியரோடு டீ குடிக்கும்போது, "உங்க ஸ்டூடன்ட் எவ்ளோ நல்லா எழுதியிருக்கா பாருங்க சார்" என்று நோட்டைப் பிரித்து நீட்டினேன். அவளை அவர் பாராட்டட்டும் என்று நீட்டியதாக வெகுநாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். என்னைப் பாராட்டட்டும் என்றுதான் நீட்டினேன். அவர் நிதானமாகப் படித்துவிட்டு, "நல்லாத்தான் எழுதியிருக்கா" என்றார்.

இருவருக்கும் பொதுவான ரிப்போர்ட்டில் அவள் தன் அளவுகளையே போட்டாள். வாய்மொழித் தேர்வில் தோழியை ஒரே கேள்வியோடு விட்ட அந்த ஆசிரியர், இவளை நிற்க வைத்துக் குடைந்தெடுத்தார். "ஒனக்குத்தான் வாத்தியார் சொன்னா புடிக்காதே" என்றாராம். மதிப்பெண் அடிபட்டது. சிதம்பரத்தில் எம்.எஸ்ஸி. சேர்வதற்காகவே மூன்று வருடம் படித்தவள் அவள். அந்த இடம் கைநழுவிப் போனது.

துறைத்தலைவரிடம் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த வருடமும் உள்ளே நுழைய எனக்கு அவர்கள் அனுமதி வேண்டுமே!

சான்றிதழ் வாங்க வந்தவள் லேப் வாசலில் என்னைப் பார்த்து நின்றாள். நோட்டைக் காட்டியது நான்தான் என்று அவளுக்குத் தெரியாது.

"எனக்குப் புடிக்கலன்னு சொன்னத அவதான் சார் போட்டுக் குடுத்துட்டா. கூட ப்ராஜெக்ட் பண்ணவளுக்குத்தான சார் எல்லாம் தெரியும்? மூணு வருசமா ஒரே பெஞ்சு. இப்ப அவ மூஞ்சியிலயே முழிக்கிறதில்ல" என்றாள். கண் கலங்கியிருந்தது.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"போவட்டும்மா. அவள மன்னிச்சிடு" என்றேன்.