ராஜமேரி பார்த்த வண்டி

வண்டி வாங்கப் போகிறவன் இன்ஜினைப் பார்ப்பான், டயரைப் பார்ப்பான், ஆர்.சி. புத்தகத்தை வாங்கிப் புரட்டுவான். எங்கள் யாகப்பன் அண்ணன் மூன்று சைக்கிளையும் மைக் செட்டையும் டியூப் லைட் பெட்டியையும் பஸ் மேலே போட்டுக்கொண்டு ஓசூருக்குக் கிளம்பினார். "ஏத்திப் பாக்காம எப்படி முனிராஜ் வாங்கறது? எல்லாம் புடிக்கணுமில்ல" என்றார். நான் மாரண்டஹள்ளியிலிருந்து தக்காளி ஏற்றிப் போகும் லாரியில் டிரைவர். நாலு வண்டி பார்த்தவன் என்றுதான் என்னை அழைத்தார். அழைத்துப் போய் சைக்கிள் தூக்க வைத்தார், அது வேறு கதை.

அண்ணன் குடும்பத்துக்குச் சைக்கிள் வித்தைதான் பிழைப்பு. மாதா கோயில் தேரோ மாரியம்மன் பண்டிகையோ, எங்கே கூப்பிட்டாலும் போவார்கள். மைதானத்தில் கம்பம் நட்டு, லைட்டுப் போட்டு, அண்ணன் சைக்கிளை விட்டு இறங்காமல் நாள் கணக்கில் சுற்றுவார். சாப்பாடும் குளியலும் அதன் மேலேயேதான். கடைசி நாளில் அவர் மனைவி ராஜமேரி அக்கா தரையில் மல்லாந்து படுப்பார். அண்ணன் தூரத்திலிருந்து வேகமாக வந்து, சாய்த்து வைத்த பலகையில் ஏறி, அக்காவுக்கு மேலே சைக்கிளோடு தாவுவார். பார்க்கிற நானே ஓரமாக ஒதுங்கிவிடுவேன். அக்கா எழுந்து, புடவையில் ஒட்டின மண்ணைத் தட்டிவிட்டு, சோறாக்கப் போய்விடுவார்.

ஒரே மகள் லூர்தம்மாள். தர்மபுரியில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் பள்ளி விடுதியில் தங்கி ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். போன ஊரில் பள்ளிக்கூடத் தாழ்வாரத்திலோ சத்திரத்திலோ படுத்து எழுகிறவர்கள் வயசுப் பிள்ளையை எங்கே கூட்டிக்கொண்டு அலைவது? வண்டி என்று ஒன்று வந்தால் அந்தக் கவலை இல்லை என்பது அண்ணன் நினைப்பு. அந்த வருஷப் பொங்கல் லீவில் பொம்மிடியில் லூர்து இரண்டு கையையும் விட்டு ஒரு சுற்று ஓட்டியதற்கே விசில் பறந்தது. அன்றிலிருந்து மனிதர் ஒரே பிடியாக நின்றார். "இந்த வருசம் முடிச்சுட்டு நம்மோட வந்துரட்டும். வண்டியிலயே படுத்துக்கலாம். பொட்டப் புள்ள ஓட்டுதுன்னா ஊரே தெரளும்."

பஸ் ராயக்கோட்டையில் நின்றபோது அண்ணன் மேலே கட்டிய கயிற்றைப் பார்க்க இறங்கினார். கூட வந்த அக்கா சட்டென்று என் பக்கம் குனிந்தார்.

"முனிராஜு, ரெண்டே சீட்டு இருக்கற வண்டியா பாருடா."

"எதுக்குக்கா?"

"மூணாவது ஆளு ஏற எடம் இருக்கக் கூடாது. எம்புள்ள படிக்கணும்."

"பாப்பாவுக்கு இதுல இஷ்டமில்லியா?"

"அதுக்கு ஆசதான். அதனாலதான்டா எனக்குப் பயமா இருக்குது."

"அண்ணங்கிட்டச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"அவரு எவ்ளோ ஆசையா சொல்றாரு. மூஞ்சிக்கு நேரா எப்படிடா வேணாங்கறது?"

எனக்கு எரிச்சலாக வந்தது. புருஷனும் பெண்டாட்டியும் வீட்டில் பேச வேண்டியதை என் தலையில் கட்டினால் நான் என்ன செய்வேன்?

ஓசூரில் பழைய வண்டி விற்கும் அர்ச்சுனன் இரண்டு வண்டி காட்டினார். ஒன்று, ஏதோ கம்பெனியில் ஆட்களை ஏற்றிப் போன மெட்டடார் வேன். உள்ளே இரு பக்கமும் பெஞ்சு சீட்டு, காற்றோட்டமாக ஜன்னல். இன்னொன்று பேக்கரிக்காரர் ஓட்டின ரொட்டி வண்டி. முன்னால் இரண்டு சீட்டு, பின்னால் தகர டப்பா. சும்மா சொல்லக்கூடாது, மெட்டடார் இன்ஜின் அருமையான இன்ஜின்.

வெயிலில் ஆரம்பித்தோம். மூன்று சைக்கிளையும் மெட்டடாரில் ஏற்றினோம். பெடல் பெஞ்சில் இடித்தது, ஹேண்டில்பாரைத் திருப்பி நுழைத்தோம். இறக்கினோம். ரொட்டி வண்டியில் ஏற்றினோம். அண்ணனுக்குத் திருப்தி வரவில்லை, மறுபடி மெட்டடார், மறுபடி ரொட்டி வண்டி. அர்ச்சுனன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கு இடுப்பு விட்டுப்போனது.

அக்கா மட்டும் ரொட்டி வண்டியை விட்டு நகரவில்லை. "மழ பேஞ்சா மைக் செட்டு நனையாது பாருங்க. டியூப் லைட்டு நிக்க வெச்சாக்கூட ஒடையாது. பூட்டிட்டு நிம்மதியா தூங்கலாம்" என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒன்றும் பொய்யில்லை. நானும் என் பங்குக்கு, மெட்டடார் கிளட்ச் ஆறு மாசம் தாங்காது என்று வாய் கூசாமல் ஒரு போடு போட்டேன். அர்ச்சுனன் என்னை முறைத்தார். அண்ணன் தாடையைத் தடவினார்.

"அதுஞ் சரிதான். ஆனா புள்ள எங்க உக்காரும்?"

ரொட்டி வண்டியாவது விலைபோகட்டும் என்று அர்ச்சுனன் நினைத்தாரோ, நிஜமாகவே நல்ல மனசோ தெரியாது. "அதுக்கென்னங்கண்ணா! பின்னாடி ஒரு சீட்டு போட்டு, ஜன்னலும் வெட்டித் தரேன். என் செலவு. பாப்பா ஜம்முன்னு வரட்டும்" என்றார்.

அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. "கேட்டியா மேரி? ரெண்டு வண்டியும் ஒண்ணாச்சு!"

அடப்பாவி மனுஷா, உன் நல்ல மனசில் மண் விழ, என்று நான் உள்ளுக்குள் அர்ச்சுனனைத் திட்டினேன்.

அக்கா முன்னால் வந்தார். "சீட்டு வேணாங்க."

"சும்மா தராருடி."

"சும்மா குடுத்தாலும் வேணாம். எம்புள்ள இதுல வரக்கூடாது."

அண்ணனுக்குக் கோபம் வந்தது. வெளி ஆள் முன்னால் அக்கா அவரை எதிர்த்து நான் கேட்டதில்லை. "நான் என்ன அத கெணத்துலயா தள்ளப் போறேன்? பெத்தவன்டி நானு!"

"யாரு இல்லன்னாங்க? கல்யாணமான நாள்லருந்து உங்க சைக்கிளுக்கு அடியில படுக்கறேன். ஒரு நாளாவது மாட்டேன்னு சொன்னனா? இனிமேலும் படுக்கறேன், எனக்குப் பழகிப்போச்சு. என் எடத்துல எம்புள்ள படுக்க வேணாம்." அக்கா ரொட்டி வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டார். "நீங்க தாவறப்ப நான் கண்ண மூடிக்குவேன். அதுக்கும் அப்படி ஒரு பொழப்பு வேணாங்க."

அண்ணன் ரொட்டி வண்டிக்குள் ஏறி, ஏற்றி வைத்த சைக்கிள்களுக்கு நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். நானும் அர்ச்சுனனும் நிழலுக்கு ஒதுங்கிப் போனோம். நேரம் போனது. அண்ணன் வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது.

"பயப்படுவேன்னு நீ சொன்னதே இல்லியே மேரி."

"நீங்க கேட்டதே இல்லிங்க."

அவர் அர்ச்சுனனிடம் திரும்பினார். "இந்த வண்டியே முடிச்சுக்கலாங்க. சீட்டு வேணாம், ஜன்னலும் வேணாம்." பிறகு என்ன தோன்றியதோ, அக்காவிடம் சின்னக் குரலில் கேட்டார். "லீவு வுட்டா, விடுதியிலருந்து வூட்டுக்குக் கூட்டியாரவாவது இதுல ஏறலாமில்ல? எங்க உக்காரும்?"

"என் மடியில உக்காரட்டும்" என்றார் அக்கா.